தால்மாருவின் இரண்டாவது அறிக்கை

ஜோன்ஜு நகரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பியோ ஓக்ஜு வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் மலையோர வட்டாரம் ஒன்றில், தால்மாரு நல மையம் என்ற இடத்தில் சமூகப் பணியாளராக இருந்தாள். ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இனி மேடு ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேடு ஏறாமல் அந்த ஊரில் யார் வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. வாரக் கடைசிகளில் படித்து வாங்கிய முதுகலைப் பட்டம் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆய்வாளர் ஆனாள்.

மாகாண நிர்வாகம் அந்த நிலையத்திடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. தனியாக வாழும் வயதானவர்களை வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர்களுடைய தனிமை குறைகிறதா, இல்லையா? இதற்காகப் புதிதாக யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நாட்டில் இதுவரை யார் யார் இதை அளந்திருக்கிறார்களோ அத்தனை பேருடைய முடிவுகளையும் ஒன்று விடாமல் தேடிப்பிடித்து, தரம் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துச் சொல்ல வேண்டும். முறைசார் மீளாய்வு என்று அதற்குப் பெயர். கடைசியில் எண்களைச் சேர்த்து எடை போடுகிற பகுதியை மெட்டா பகுப்பாய்வு என்றார்கள்.

ஓக்ஜுவுக்கு முதல் நாள் சிரிப்புத்தான் வந்தது. பதில் தனக்குத் தெரியுமே, இதற்கு எதற்கு ஒன்றரை வருடம் என்று அவள் குழுத் தலைவரிடமே கேட்டுவிட்டாள். அவர் பெயர் கில் சாங்மோ. அவளைவிட ஏழெட்டு வயது சின்னவர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"தெரிஞ்ச பதிலுக்குத்தான் மேடம் இத்தனை காவல்" என்றார் கில்.

காவல் என்று அவர் சொன்னது விதிகளை. ஒரு கட்டுரையைக்கூடப் பார்ப்பதற்கு முன் கேள்வியை எழுதி வைத்துவிட வேண்டும். எந்த ஆய்வு உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்று எழுதி வைத்துவிட வேண்டும். ஓர் ஆய்வில் பல தடவை அளந்திருந்தால் கடைசியாக எடுத்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிவு செய்து, அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு விதியை மாற்ற முடியாது. ஓக்ஜுவும் கையெழுத்துப் போட்டாள்.

தேடலில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள் வந்து விழுந்தன. அதைச் சலிக்க இரண்டு பேர். ஓக்ஜு ஒருத்தி. இன்னொருத்தி சோல் போரா, முப்பத்தொரு வயது, இதே வேலையில் ஏற்கெனவே மூன்று மீளாய்வு முடித்தவள். இருவரும் ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகச் சலிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே முரண்படுகிறதோ அங்கே காரணம் சொல்ல வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை ஓக்ஜு நாற்பது இடத்தில் மாட்டிக்கொண்டாள். ஓர் ஆய்வை அவள் தள்ளியிருந்தாள். ஏன் என்று போரா கேட்டாள். அந்த ஊரை எனக்குத் தெரியும், அங்கே பணியாளர்கள் வாசலில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள், அதெல்லாம் ஒரு பார்வையிடலா என்றாள் ஓக்ஜு.

போரா படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல ஆறு கட்டம் இருக்கு அக்கா. உங்களுக்குத் தெரியும்கிறத எந்தக் கட்டத்துல எழுதட்டும்?"

"ஏழாவதா ஒண்ணு போட்டுக்கோயேன்."

"போட்டா அது உங்க மாமியார் கட்டம் ஆயிடும். யாரைப் பிடிக்குதோ அவங்க உள்ள, பிடிக்கலைன்னா வெளிய."

ஓக்ஜுவுக்குக் கோபம் வந்தது. பகல் சாப்பாட்டுக்குச் சேர்ந்துதான் போனார்கள். முளைகட்டிய சோயா போட்ட சூடான சூப்புச் சோறு வந்ததும் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முரண்பாடுகள் இருபத்தாறு. அதற்கடுத்த வாரம் ஒன்பது. தனக்குத் தெரிந்ததைத் தூர வைத்துவிட்டுப் படிப்பது எப்படி என்று ஐம்பது வயதை நெருங்கும்போது அவள் கற்றுக்கொண்டாள். அது சட்டையைக் கழற்றி மாட்டுவதைப் போல எளிதாக இல்லை. ஆனால் பழகியபோது அதில் ஒரு சுத்தம் இருப்பது தெரிந்தது.

மூவாயிரத்துச் சொச்சம் நூற்று எண்பத்தாறு ஆனது. முழுக் கட்டுரைகளையும் படித்து முடித்தபோது இருபத்து மூன்று ஆய்வுகள் எஞ்சின. அதில் ஒன்று தால்மாரு.

அந்தக் கட்டுரையைப் பார்த்ததும் ஓக்ஜுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் அவளுடைய மைய இயக்குநர் மா பியோங்சிக் பெயரில் வந்தது. எண்களை எல்லாம் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தவள் அவள்தான்; கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் அவள் பெயர் இருந்தது. அறுபத்தொரு முதியவர்கள், வாரம் ஒரு முறை, ஆறு மாதம். தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, இருபது கேள்விகள் கொண்ட தனிமைப் படிவம். முடிவில் தனிமை நன்றாகவே குறைந்திருந்தது. சொந்த இடத்து ஆய்வு என்பதால் அதை அவள் தொடக்கூடாது என்று விதி இருந்தது. அதிலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும் வேலையைப் போராவும் கில்லும் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் சேர்த்து முதல் படம் வந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு சின்னச் சதுரம், இருபுறமும் ஒரு கோடு. நடுவில் செங்குத்தாகப் பயனில்லை என்கிற கோடு. வலப்பக்கம் நன்மை, இடப்பக்கம் தீமை. அடியில் எல்லாம் சேர்ந்த ஒரு சாய்சதுரம். அது அழகாக வலப்பக்கம் நின்றது. இதைத்தானே முதல் நாளே சொன்னேன் என்று ஓக்ஜு போராவைச் சீண்டினாள். அன்றைக்கு எல்லாருக்கும் அவளே காபி வாங்கிக்கொடுத்தாள்.

மறுநாள் கில் இன்னொரு படத்தைச் சுவரில் காட்டினார். இதில் ஒவ்வோர் ஆய்வும் ஒரு புள்ளி. நிறையப் பேரை அளந்த பெரிய ஆய்வுகள் மேலே, குறைந்த பேரை அளந்த சின்ன ஆய்வுகள் கீழே. சின்ன ஆய்வுகள் தற்செயலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறும் என்பதால் மொத்தப் படமும் கவிழ்த்து வைத்த புனல்போல இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். இந்தப் படத்தில் வலக்கால் மட்டும் இருந்தது. கீழே இடப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது.

"இங்க இருக்க வேண்டியவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார் கில்.

அவரே சொன்னார். சின்ன இடங்களில் நல்ல முடிவு வந்தால் எழுதுவார்கள். கெட்ட முடிவு வந்தால் எழுத மாட்டார்கள், இல்லை எழுதி மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். நாம் படிப்பதெல்லாம் இழுப்பறைக்கு வெளியே இருப்பதை மட்டும்தான்.

ஓக்ஜு பார்லி டீ டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. சுவரில் வலப்பக்கம் கீழே, இருபத்து மூன்றில் தால்மாரு எந்தப் புள்ளி என்று அவளுக்குத் தெரியும். அது அங்கே இருக்கக் கூடாத புள்ளி என்பதும் தெரியும்.

தால்மாருவில் ஆறு மாதம் என்ற கணக்கே நிதி கேட்கும் ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. காலம் என்ற இடத்தில் ஆறு மாதம் என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. முடிந்ததும் நிதி நின்றது. அந்த மார்ச் மாதமே வீடுகளுக்குப் போவதும் நின்றது. ஓக்ஜுவை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அந்தச் செப்டம்பரில், யாரும் சொல்லாமல், அவளாகவே பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போனாள். அறுபத்தொரு பேரில் நாலு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஐம்பத்தேழு பேரிடம் அதே இருபது கேள்விகளைக் கேட்டாள்.

நாம்குங் என்ற பெரியவர் ஒருவர் இருந்தார். வெளியூர்ப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வீடு. அவள் போகும்போது பெர்சிமன் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்திருப்பார். பேருந்துக்காரர் என்பதால் அவள் ஐந்து நிமிடம் பிந்தினாலும் நேரத்தைச் சொல்லிக் காட்டுவார். செப்டம்பரில் அவள் போனபோது அவர் கதவைத் திறந்து அவளையும் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தார்.

"கேள்வி கேக்க வந்தியா, பாக்க வந்தியா?" என்று கேட்டார்.

அவள் ஏதோ சமாளித்தாள். அவர் உட்காரச் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறகு, குறை சொல்கிற தொனி இல்லாமல், அவள் வராமல் போன பிறகு மே மாதம் வரை வியாழக்கிழமை காலையில் இரண்டு பேருக்குப் பழம் நறுக்கினேன் என்றார். "அப்புறம் நிறுத்திட்டேன்மா. ரெண்டு பேரு பங்கையும் நானே திங்க வேண்டியிருந்துச்சு."

எண்களைக் கூட்டிப் பார்த்தபோது ஐம்பத்தேழு பேருடைய சராசரித் தனிமை தொடக்கத்தில் இருந்ததைவிட அதிகமாகியிருந்தது. யாரும் போகாமலே இருந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றுதான் அவளுக்குப் பட்டது. அவள் பத்தொன்பது பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி இயக்குநர் மா மேஜையில் வைத்தாள். அவர் முழுவதும் படித்தார். பொய் என்று சொல்லவில்லை. இது வெளியே போனால், பார்க்கப் போவதே கெடுதல் என்று சொல்லித் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்றார். இப்போது வேண்டாம் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அந்தச் சரியை அவள் இப்போது பத்து வருடம் கழித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் பயம் இருந்தது, மரியாதை இருந்தது, அதெல்லாம் உண்மை. அவற்றுக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. அறிக்கை வெளியே வராவிட்டால் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாம்குங் வீடு அவள் வீட்டிலிருந்து பேருந்தில் பன்னிரண்டு நிமிடம். திட்டம் நின்றால் என்ன, வியாழக்கிழமை அவள் போயிருக்கலாம். செப்டம்பருக்குப் பிறகும் போகவில்லை. அடுத்த வருடம் மகன் அவரை நாம்வோனில் ஒரு முதியோர் மருத்துவமனையில் சேர்த்தான். அவர் அங்கேயே இறந்துபோன செய்தி ஓக்ஜுவுக்கு எட்டு மாதம் கழித்து யாரோ பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்தது.

அன்று மாலை மேஜையில் உட்கார்ந்து அவள் இருபத்து மூன்று கட்டுரைகளின் பின்பக்கத்தையும் புரட்டினாள். பதினான்கு கட்டுரைகள் தால்மாருவை மேற்கோள் காட்டியிருந்தன. பதினான்கிலும் ஆறு மாதம். ஆறு மாதத்தில் நன்மை என்று தால்மாருவில் நிரூபணமானதால் நாங்களும் ஆறு மாதம் வைத்தோம் என்று ஒருவர் எழுதியே இருந்தார். நிறுத்திய பிறகு போய் அளந்ததாக ஒருவர்கூட எழுதவில்லை. எத்தனை ஊர்களில் எத்தனை பேர் வியாழக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ பழம் நறுக்கி வைத்தார்களோ, அதை அவளால் கூட்டிப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை போராவிடம் சொன்னாள். போரா கேலி பேசவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்த அறிக்கை இப்ப எங்க அக்கா?" என்றாள்.

அதைத் தேடித்தான் ஓக்ஜு சனிக்கிழமை தால்மாருவுக்குப் பேருந்து ஏறினாள். மையத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பழைய தாள்களை வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அரைக்கக் கொடுத்துவிட்டோம் என்று அங்கிருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள். ஓக்ஜுவின் பழைய கணினி எப்போதோ போய்விட்டது. பிரதி என்று அவள் வீட்டில் எதுவும் இல்லை. வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்றுதான் தோன்றியது.

இயக்குநர் மா ஓய்வு பெற்று ஊருக்கு வெளியே மிளகாய் பயிரிட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார். அவளைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். முழங்காலைப் பற்றி விசாரித்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படி ஒண்ணு எழுதினியா நீ?" என்றார்.

"பத்தொன்பது பக்கம் சார். உங்க ரூம்ல வெச்சுத்தான் பேசினோம்."

"நான் என்ன சொன்னேன்?"

"இப்ப வேணாம்னு சொன்னீங்க."

அவர் குனிந்து மிளகாயைப் புரட்டிவிட்டார். நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பத்து வருடமாக அவள் மனதில் ஓர் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், உள்ளே அப்படி ஓர் அறை இருந்ததையே மறந்துபோயிருந்தார்.

"சொல்லியிருப்பேன்மா. அந்த வருஷம் எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார். நிமிர்ந்து பார்த்தார். "சரி, அப்புறம் எப்பன்னு நீ கேக்கலையா?"

"கேக்கல சார்."

திரும்பும்போது ஒரு பை நிறைய மிளகாய் கொடுத்தார். அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கில்லிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அச்சில் வராத அறிக்கையையும் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அறிக்கை கையில் இருக்க வேண்டும் என்றார் அவர். அவளுக்கு நினைவிருக்கும் எண்ணைச் சொல்ல முடியுமா என்று போரா கேட்டாள். ஓக்ஜு வாயைத் திறந்தாள். தனிமை அதிகமானது என்பது நினைவிருந்தது. எத்தனை அதிகம் என்பது நினைவில்லை. மூன்று புள்ளி இரண்டா, இரண்டு புள்ளி மூன்றா? தன் கையால் கூட்டி, தன் கையால் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடிட்ட எண் அது. மிளகாய்ப் பையின் கனம்கூட விரலில் இருந்தது, அந்த எண் மட்டும் இல்லை.

கில் அவளைத் திட்டவில்லை. "இருந்தாலும் நினைவை எடை போட முடியாது மேடம். அளந்தவங்களையே கேட்டுப் பாப்போம். மத்த இருபத்திரண்டு இடத்துக்கும் எழுதுங்க. நீங்களே எழுதுங்க."

எழுதினாள். நிறுத்திய பிறகு நீங்கள் யாரையாவது போய் அளந்தீர்களா என்பதுதான் கேள்வி. தான் அளந்ததையும் அதை மூடி வைத்ததையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். அப்படி எழுதாதீங்க, அவமானம் என்று நிலையத்தில் ஒருவர் சொன்னார். எழுதாமல் எந்த முகத்தோடு கேட்பது என்று அவளுக்குப் பட்டது.

ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஆறு பேர் அளக்கவே இல்லை. ஒருவர் அளந்ததாகவும், தாள்கள் எங்கே என்று தெரியவில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் அளந்திருக்கிறோம், தர முடியாது என்றார். ஒன்பதாவது பதில் காங்வோன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து, வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு செவிலியிடமிருந்து வந்தது. நாற்பத்து மூன்று பேர், நிறுத்தி ஐந்து மாதம் கழித்து எடுத்த அளவு, ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி, முழுக் கோப்பும் இருந்தது. கூடவே ஒரே ஒரு வாக்கியம்: யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று வைத்திருந்தேன்.

ஓக்ஜு அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வருடங்கள், அதே வேலை, அதே போல ஓர் இழுப்பறை. இந்தப் பெண் வைத்திருந்தாள்.

விதிப்படி கடைசி அளவை எடுத்துக்கொண்டபோது கடற்கரை ஊரின் புள்ளி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய் விழுந்தது. வெறிச்சென்று கிடந்த இடத்தில் ஒற்றைப் புள்ளி. சாய்சதுரம் நடுக்கோட்டை நோக்கிச் சற்று நகர்ந்தது, ஆனால் தொடவில்லை. போய்ப் பார்க்கிற வரை நன்மை இருக்கிறது. நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதற்கு ஒரே ஓர் ஆய்வுதான் சாட்சி, அது கவலைக்குரியது என்று அறிக்கையில் எழுதினார்கள். தால்மாரு வலப்பக்கத்திலேயே நின்றது. அதை நகர்த்த அவளிடம் தாள் இல்லை. குறைபாடுகள் என்ற பகுதியில் அவளே ஒரு பத்தி எழுதினாள்: இந்த ஆய்வில் நிறுத்தியபின் எடுத்த அளவு ஒன்று இருந்தது, முடிவு பாதகமானது, அது வெளியிடப்படவில்லை, எண்கள் இப்போது கிடைக்கவில்லை, அளந்து எழுதி வெளியிடாமல் விட்டவர் இந்த மீளாய்வின் ஆசிரியர்களில் ஒருவரான பியோ ஓக்ஜு. மாவின் பெயரை அவள் சேர்க்கவில்லை.

அச்சில் வந்ததும் மா தொலைபேசியில் கூப்பிட்டார். என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியவள் நான்தானே சார் என்றாள் ஓக்ஜு. அவர், மிளகாய் நல்லா காரமா இருந்துச்சா என்று கேட்டார்.

மாகாண அலுவலகத்தில் அறிக்கையைச் சமர்ப்பித்த அன்று ஓர் அதிகாரி, இவ்வளவு பக்கம் படிக்க நேரமில்லை, பார்க்கப் போவது நல்லதா கெட்டதா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்றார். கில் ஓக்ஜுவைப் பார்த்தார்.

"போறது நல்லதுங்க. திடீர்னு நிறுத்தறதுதான் கெடுக்குது" என்றாள்.

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வருடத் திட்டம் வந்தபோது ஆறு மாதம் பத்து மாதம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு மாதம் வாரம் ஒரு முறை என்பதை மாதம் ஒரு முறை ஆக்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். போரா அதைக் காட்டி, பாருங்க அக்கா, நீங்க சொன்னது அச்சுல வந்துருச்சு என்றாள். ஓக்ஜுவும் இரண்டு தடவை படித்தாள். பத்து மாதம் முடிந்த பிறகு யார் போய் அளப்பது என்று மட்டும் எங்கும் போடவில்லை. அன்றைக்கே அதைக் கேட்டு மாகாண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மூன்று வாரம் கழித்து இன்னொன்று எழுதினாள். அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.